பேனா இலவசம், தபால் செலவு யார் தலையில்?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்காக. மதுரையில் ஒரு ஃபவுண்டன் பேனா குழு. நூற்றுச் சொச்சம் பேர், அதில் கால்வாசிப் பேர் சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் என்று வெளியே இருக்கிறார்கள். நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை வரும் ஃபவுண்டன் பேனா தினத்தை ஒட்டி வருடா வருடம் ஒரு குலுக்கல். பரிசுகள் எல்லாம் உறுப்பினர்களே மனமுவந்து கொடுப்பவை. இந்த முறை ஒருவர் எபொனைட் (கெட்டி ரப்பர்) பேனா ஒன்றும் 60 மில்லி மை பாட்டில் ஒன்றும் கொடுத்தார். சீட்டு விழுந்தது டொரொன்டோக்காரருக்கு. கூரியரில் விசாரித்தால் 2,900 ரூபாய் என்கிறார்கள். மை பாட்டிலின் விலையே 400 ரூபாய்தான். கொடுத்தவர் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தவர் "அனுப்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். செலவை யார் ஏற்பது, இனிமேல் எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோவையில் இதே போன்ற ஒரு குழுவுக்கு ஏழு வருடமாக இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். பேனாவைப் பற்றித் தெரிந்ததைவிட அட்டைப்பெட்டியைப் பற்றித்தான் இப்போது எனக்கு அதிகம் தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று வார மௌனம். அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். பேனாவைக் கொடுக்கிறேன் என்று சொன்னபோது அவர் மனதில் ஓடிய கணக்கு திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ அனுப்பும் நூறு ரூபாய்க் கணக்கு. இப்போது 2,900 என்றதும் திகைத்துப் போயிருக்கிறார். முடியாது என்று சொல்லக் கூச்சம், சரி என்று சொல்லக் கை வரவில்லை. நம் ஆட்களுக்கு இந்தச் சங்கடம் கொஞ்சம் அதிகம். எங்கள் இரண்டாவது வருடத்தில் ஒருவர் "பரவாயில்லைங்க, நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லி, பெரிய தொகையைக் கைக்காசு போட்டு ஒரு பொட்டலத்தை லண்டனுக்கு அனுப்பினார். எல்லோரும் கைதட்டினோம். அடுத்த வருடம் அவர் பரிசு எதுவும் தரவில்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. கேட்டதற்கு "வேலை ஜாஸ்தி" என்றார். நாங்கள்தான் அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

ஆகவே யார் கொடுப்பது என்பதைவிட, அது எப்போது முடிவாகிறது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சீட்டு விழுந்த பிறகு பேசினால் எந்த ஏற்பாடும் யாராவது ஒருவருக்குக் கசக்கும். ஜெயித்தவருக்கு அது ஏற்கெனவே தன் பொருள், கொடுத்தவருக்கு அது எதிர்பாராத கடன். குலுக்கலுக்கு முன்னால் பேசினால் இதே ஏற்பாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பரிசு தருகிறேன் என்று ஒருவர் முன்வந்ததும் நான் அவரிடம் மூன்றே கேள்விகள் கேட்பேன். பொருள் இப்போது எந்த ஊரில் இருக்கிறது? எதுவரை அனுப்பச் சம்மதம், உள்ளூர் மட்டுமா, இந்தியா முழுக்கவா, வெளிநாடும் உண்டா? தபாலுக்கு உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு "பூஜ்யம்" என்பதும் முழு மரியாதையான பதில்தான் என்று சேர்த்தே சொல்லிவிடுவேன். இதைச் சொல்லாவிட்டால் யாரும் பூஜ்யம் என்று எழுத மாட்டார்கள். எழுதும் அந்தத் தொகையைப் பரிசுப் பட்டியலில் பேனாவின் பெயருக்குப் பக்கத்திலேயே போடுகிறோம்: "திருவள்ளூரிலிருந்து, உலகம் முழுக்க, கொடுப்பவர் 150 ரூபாய் வரை, மேற்கொண்டு ஆகும் செலவு ஜெயிப்பவருடையது." பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் எந்தெந்தப் பரிசுக்குப் பெயர் கொடுப்பது என்று உறுப்பினர்கள் முடிவு செய்வார்கள். எல்லாப் பரிசுக்கும் ஒரே குடத்தில் சீட்டுப் போடும் வழக்கத்தை அன்றோடு விட்டோம்.

இந்த வாசகத்திலேயே என் தீர்ப்பும் இருக்கிறது. உள்நாடு என்றால் கொடுப்பவரே போடட்டும், சின்னத் தொகைதான். வெளிநாடு என்றால் உள்நாட்டுக்கு ஆகியிருக்கும் அளவை அவர் போடுவார், மீதியை ஜெயித்தவர் போடுவார். ஆளுக்குப் பாதி என்ற யோசனை வரும், கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் 2,900-ல் பாதி 1,450. பேனாவை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் தலையில் மேலும் 1,450 ஏற்றுவதில் என்ன நியாயம்? வெளிநாட்டில் வாழ்வது ஜெயித்தவரின் நிலைமை. தவிர, செலவைக் கேட்டுவிட்டு "எனக்கு வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுங்கள்" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மறு குலுக்கல். இதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டி எப்படித் தெரியும்? ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சமையலறைத் தராசு ஒன்று, தையல் டேப் ஒன்று போதும். பேனாவின் எடை பெரும்பாலும் முப்பது கிராமுக்குள். அதன் டப்பா, குமிழித்தாள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் கால் கிலோ. சிக்கல் எடையில் இல்லை, பெட்டியின் பருமனில் இருக்கிறது. பெரிய கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருவது "கன எடை." அதுவும் நிஜ எடையும், இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. வீட்டில் கிடக்கும் செருப்புப் பெட்டியில் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 33, 20, 12. பெருக்கினால் 7,920, வகுத்தால் 1.58 கிலோ. உள்ளே இருப்பது கால் கிலோ, பணம் கட்டுவது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதையே 20, 12, 8 அளவுள்ள பெட்டிக்கு மாற்றினால் 0.38 கிலோ. உங்கள் 2,900 ரூபாயில் ஒரு பகுதி இப்படி வெறும் காற்றுக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். பேனாவின் ஆடம்பரப் பரிசுப்பெட்டி வேண்டுமா என்று ஜெயித்தவரிடம் கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் "பேனா போதும்" என்பார்கள்.

தபாலா கூரியரா என்றால், இந்த அளவுப் பொருளுக்கு நான் தபால் பக்கம். 2 கிலோவுக்குள் இருக்கும் சிறு பொட்டலம் என்பது உலகத் தபால் ஒன்றியம் காலங்காலமாகப் பேணி வரும் ஒரு வகை. 1874-ல் பெர்ன் நகரில் உருவான அந்த ஒன்றியத்தின் புண்ணியத்தில்தான் நம் ஊர்த் தலைமை அஞ்சலகத்தில் கொடுத்ததை டொரொன்டோவில் ஒரு தபால்காரர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கூரியரில் வேகம் உண்டு, ஆனால் சுங்க வேலையைத் தாங்களே செய்ததற்குப் பெறுநரிடம் தனியாக ஒரு கட்டணமும் கேட்பார்கள். தபாலில் அது குறைவு. எதில் அனுப்பினாலும் டிராக்கிங் இல்லாமல் அனுப்பாதீர்கள். மிச்சமாகும் இருநூறு ரூபாயைவிட "எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு இரண்டு மாதம் பதில் சொல்லும் தொல்லை பெரிது. நவம்பர் குலுக்கல் என்பதால் இன்னொன்று: இரண்டு வாரம் தாமதித்தால் கிறிஸ்துமஸ் நெரிசலில் போய் மாட்டுவீர்கள்.

சரி, சுங்க வரி. குழுக்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தமிழில் நமக்கு ஒரு வசதி, அதுவே ஒரு பொறி. குலுக்கலில் விழுவதும் பரிசு, பிறந்தநாளுக்குக் கொடுப்பதும் பரிசு. சுங்கத்துறைக்கு இரண்டும் வேறு. அவர்கள் சலுகை கொடுப்பது அன்பளிப்புக்கு: ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு, எப்போதாவது, எந்தக் கைமாறும் வாங்காமல் அனுப்புவது. கடை அனுப்பினாலோ, நிறுவனம் அனுப்பினாலோ, பெறுபவர் அந்தப் பொருளுக்காகக் காசு கொடுத்திருந்தாலோ அது அன்பளிப்பு ஆகாது. அதனால் எங்கள் ஏற்பாட்டில் குழுவின் பெயரில் எதையும் அனுப்புவதில்லை. கொடுத்தவரே தன் பெயரில், தன் முகவரியிலிருந்து நேராக அனுப்புவார். குலுக்கலில் சேரக் கட்டணமும் கிடையாது. சீட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினாலும் அன்பளிப்பு என்ற வாதம் பலவீனமாகிவிடும்.

ஊருக்கு ஊர் வரம்பு மாறும். பிரிட்டனில் 39 பவுண்டு வரையுள்ள அன்பளிப்புக்கு இறக்குமதி வாட் வரி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இது 45 யூரோ. அங்கே முன்பு 22 யூரோவுக்குக் கீழே எது வந்தாலும் வாட் இல்லாமல் விட்டார்கள், 2021 ஜூலை 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. அன்பளிப்புக்கான 45 மட்டும் தனியாக நிற்கிறது. கனடாவில் 60 கனடிய டாலர். அதற்கு மேல் போனால் மேலே உள்ள தொகைக்கு மட்டும் வரி. 80 டாலர் பேனா என்றால் 20 டாலருக்கு வரி, டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் விற்பனை வரி 13 சதவீதம், அதாவது இரண்டரை டாலர் சொச்சம். இது பரவாயில்லை. ஆனால் அதை வசூலித்துத் தருவதற்குக் கனடா தபால்துறை 9.95 டாலர் கையாளும் கட்டணம் போடும். பிரிட்டனில் ராயல் மெயில் இதற்கு வாங்குவது 8 பவுண்டு. வரியைவிட வரி வாங்கும் கூலி அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்வது இதற்குத்தான் பொருந்தும். சிங்கப்பூர் நமக்குச் சுலபம்: தபாலில் வரும் பொருளுக்கு 400 சிங்கப்பூர் டாலர் வரை ஜிஎஸ்டி விலக்கு. பேனாக் குழுவில் அந்த வரம்பைத் தாண்டும் பரிசு தருபவர் இருந்தால் எனக்கும் அறிமுகம் செய்து வையுங்கள்.

அமெரிக்கா 2025-ல் தலைகீழாக மாறியது. 800 டாலர் வரை எதையும் வரியில்லாமல் விட்டுக்கொண்டிருந்த விதியை அந்த வருடம் ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தினார்கள். யார் எப்படி வசூலிப்பது என்று தெளிவில்லாததால் பல நாட்டுத் தபால்துறைகள் பொட்டலங்களை வாங்குவதையே நிறுத்தின. நம் அஞ்சல்துறையும் ஆகஸ்ட் 25-லிருந்து, கடிதம், ஆவணம், 100 டாலருக்குள் உள்ள அன்பளிப்பு தவிர மற்றதை நிறுத்திவைத்து, சில நாளில் அவற்றையும் சேர்த்தே நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் திரும்ப ஆரம்பித்தது. 100 டாலருக்குள் உள்ள அன்பளிப்புக்கு வரி இல்லை என்ற சலுகை மட்டும் இத்தனை குழப்பத்திலும் பிழைத்துக்கொண்டது. ஆக, அமெரிக்காவுக்குப் போகும் பரிசு 100 டாலருக்குள் இருப்பது நல்லது. இந்த விதிகள் எல்லாம் மாறக்கூடியவை என்பதால், ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தந்த நாட்டுச் சுங்கத்துறையின் தளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பட்டியல் போடுகிறேன்.

எதிர்த்திசை, அதாவது வெளியிலிருந்து இந்தியாவுக்கு வருவது, பலருக்கும் தெரியாத ஆப்பு. "அன்பளிப்புதானே, வரி இருக்காது" என்று நினைத்துச் சிங்கப்பூர் நண்பர் ஒருவர் ஜப்பான் மை மூன்று பாட்டிலைச் சேலத்துக்கு அனுப்பினார். பெட்டியில் பெரிதாக அன்பளிப்பு என்று எழுதியும் இருந்தார். வரி போட்டார்கள். காரணம், 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் கொண்டுவந்த மாற்றம். அன்பளிப்பு என்ற பெயரில் வரியில்லாமல் தபாலிலும் கூரியரிலும் பொருள் வருவதை அதோடு நிறுத்திவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. மற்றதெல்லாம் முழு வரி கட்டித்தான் வர வேண்டும். (ராக்கிக்குக் கொடுத்ததை மைக்கும் கொடுத்திருக்கலாம், சொல்வார் இல்லை.) ஆகவே வெளிநாட்டு உறுப்பினர் தரும் பரிசை இந்தியாவுக்குள் வரவழைக்கும்போது, வரி ஜெயித்தவர் பொறுப்பு என்பதைப் பட்டியலிலேயே போட்டுவிடுங்கள். சேலத்து நண்பர் வரியைக் கட்டி வாங்கிக்கொண்டார். ஆனால் அனுப்பியவர் மனம்தான் சங்கடப்பட்டது.

அஞ்சலகக் கவுன்ட்டரில் நடப்பதையும் சொல்கிறேன், முதல் தடவை போகிறவர்களுக்குக் கொஞ்சம் மிரட்சியாக இருக்கும். பொட்டலத்தோடு சுங்கப் படிவம் ஒன்று ஒட்ட வேண்டும். சின்னப் பொருளுக்கு சி.என். 22, மதிப்பு பெரிதானால் சி.என். 23. 2021 தொடக்கத்திலிருந்து அந்த விவரங்கள் மின்னணு வடிவில் பொட்டலத்துக்கு முன்னாலேயே அந்த நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விதி. அதனால் ஊழியர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணினியில் தட்டுவார். "உள்ள என்ன சார்?" என்று கேட்டால் "ஸ்டேஷனரி" என்று சொல்லாதீர்கள். "பயன்படுத்திய ஃபவுண்டன் பேனா, ஒன்று, எபொனைட், மை இல்லை" என்று சொல்லுங்கள். எச்.எஸ். எண் (சுங்கத்துறை ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் வைத்திருக்கும் எண்) கேட்டால் பேனாவுக்கு 960830, எழுதும் மைக்கு 321590. ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால், பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்க வேண்டியிருக்காது. ஆதார் நகலும் எடுத்துப் போங்கள்.

மதிப்பு என்ற கட்டத்தில் நிஜ மதிப்பை எழுதுங்கள். "ஒரு டாலர்னு போடுங்க, வரி வராது" என்று ஜெயித்தவரே செய்தி அனுப்புவார். கையெழுத்துப் போடுவது அவர் இல்லை, நம் உறுப்பினர். பொட்டலம் தொலைந்தால் இழப்பீடும் எழுதிய மதிப்பைத் தாண்டாது. பழைய பேனா என்றால் இன்றைக்கு விற்றால் எவ்வளவு போகுமோ அதுதான் மதிப்பு, புதிதாக வாங்கிய விலை வேண்டியதில்லை. அந்த நேர்மையான குறைப்பிலேயே பல பேனாக்கள் வரம்புக்குள் வந்துவிடும்.

இன்னொரு விஷயம் நம் பெயர்கள். குழுவில் எல்லோரும் செல்லப்பெயரில் உலவுகிறோம். வெளிநாட்டு அடையாள அட்டையில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப்பெயராக நிற்கும். எங்கள் பொட்டலம் ஒன்று செல்லப்பெயரோடு போனது. அங்கே வீட்டில் ஆள் இல்லை, அடையாள அட்டையோடு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அட்டையில் வேறு பெயர், தரவில்லை, இரண்டரை மாதம் கழித்து கோவைக்கே திரும்பி வந்தது. அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதைக் கொடுப்பவருக்கு மட்டும் அனுப்புங்கள், பொட்டலம் சேர்ந்ததும் அழித்துவிடுங்கள்.

பணம் திரட்டுவது பற்றி. "ஆளுக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட், அதில் தபால் செலவைப் பார்த்துக்கொள்ளலாமே" என்று உங்கள் குழுவிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். வேண்டாம். டிக்கெட் விற்று, குலுக்கி, பொருள் கொடுத்தால் அதற்குப் பெயர் லாட்டரி. 1998-ம் வருட மத்தியச் சட்டப்படி லாட்டரி நடத்தும் உரிமை மாநில அரசுகளுக்கு மட்டும்தான், தமிழ்நாட்டில் 2003-லிருந்து அதுவும் கிடையாது. நூறு பேர் பேனாக் குழுவைத் தேடி யாரும் வரமாட்டார்கள்தான், ஆனால் ஒரு மனக்கசப்பு வந்தால் முதலில் கிளம்புவது இந்தப் பேச்சாகத்தான் இருக்கும். நாங்கள் "தபால் உண்டியல்" என்று ஒன்று வைத்திருக்கிறோம். விருப்பப்பட்டவர் போடலாம், போட்டாலும் போடாவிட்டாலும் குலுக்கலில் ஒரே வாய்ப்பு. வரவும் செலவும் ஒரே தாளில், எல்லோரும் பார்க்கும்படி. மாணவர்களுக்கு விழும் பரிசுக்கு மட்டும் அதிலிருந்து எடுக்கிறோம். பெரிதாக வளரவிட வேண்டாம். குழுவைச் சங்கமாகப் பதிவு செய்திருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடமிருந்து நன்கொடை பெற எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், அந்த வம்பு நமக்கு எதற்கு? தபால் பணம் ஜெயித்தவரிடமிருந்து கொடுத்தவருக்கு நேராகப் போகட்டும், ரசீதில் உள்ள தொகை, ஒரு ரூபாய் கூடக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து என்றால் 2023 பிப்ரவரி முதல் அங்குள்ள பேநவ் என்ற கைபேசிப் பணப் பரிமாற்றமும் நம் யுபிஐயும் இணைந்திருப்பதால், இந்த மாதிரிச் சின்னத் தொகை கைபேசியிலேயே வந்துவிடுகிறது. கனடா, பிரிட்டன் ஆட்களுக்குப் பெரும்பாலும் ஊரில் ஒரு தம்பியோ மச்சானோ இருப்பார்கள். அவர்கள் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் வெளிநாட்டுப் பரிசில் மை சேர்க்காமல் இருப்பதே உத்தமம். ஃபவுண்டன் பேனா மை நீரில் கரைந்த சாயம்தான், எரியாது, வெடிக்காது. ஆனால் "லிக்விட்" என்ற சொல்லைக் கேட்டதும் பல கவுன்ட்டர்களில் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். வாங்கிக்கொண்டாலும் கண்ணாடி பாட்டில், எடை, உடையும் பயம். ஒரு தடவை எங்கள் ஆள் ஒருவர் கருநீல மையை வெறும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டார். போய்ச் சேர்ந்தபோது ஜெயித்தவர் அனுப்பிய படத்தில் பெட்டி, பேனா, அதனுடன் வைத்த வாழ்த்து அட்டை எல்லாம் ஒரே நிறம். அட்டையில் எழுதியிருந்ததை மட்டும் படிக்க முடியவில்லை. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் மூடியைச் சுற்றி டேப், அதன்மேல் ஜிப் உறை, உறைக்குள் மடித்த டிஷ்யூ தாள், அதற்கு மேல் இன்னொரு உறை, பிறகுதான் குமிழித்தாள். பேனாவை அனுப்பும்போது உள்ளே மை சுத்தமாகக் கழுவப்பட்டிருக்க வேண்டும். விமானத்தில் காற்றழுத்தம் மாறும்போது மிச்சம் மீதி மை நிப் வழியாக வெளியே வந்து மூடிக்குள் குளம் கட்டும்.

செலவைக் குறைக்க நாங்கள் கண்ட நல்ல வழி பொருளையே கடல் தாண்ட விடாமல் இருப்பது. பரிசுகளை ஊர்வாரியாகப் பிரித்தோம். கனடாவில் இருப்பவர் தரும் பரிசு முதலில் வட அமெரிக்க உறுப்பினர்களுக்குள் குலுக்கப்படும், யாரும் பெயர் கொடுக்காவிட்டால்தான் மற்றவர்களுக்கு. சிங்கப்பூர், மலேசியா ஒரு கூட்டம். இந்தியா ஒன்று. இதில் ஒரு மனக்குறை வரும்: வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆசையே நம் ஊர்க் கைக்கடைசல் எபொனைட் பேனாமேல்தான், அங்கே கிடைக்கும் பேனாவை ஜெயித்து என்ன செய்வார்கள்? நியாயமான குறை. அதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று உள்ளூர்ப் பேனாக்களை மட்டும் "உலகம் முழுக்க" என்று விடுகிறோம், தபால் செலவு ஜெயிப்பவருடையது என்ற வரியோடு. மை என்றால், கொடுப்பவர் சம்மதித்தால், ஜெயித்தவர் ஊரில் உள்ள பேனாக் கடையிலேயே அதே விலைக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம். மதுரை பாட்டில் மதுரையிலேயே இன்னொருவருக்குப் போகட்டும்.

ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவதும் உண்டு. தை மாதமும் கோடை விடுமுறையும் எங்களுக்கு இலவசத் தபால் காலம். 60 மில்லி பாட்டில் கைப்பையின் 100 மில்லி வரம்புக்குள்ளேயே வந்துவிடும். ஒரே நிபந்தனை, மூடி ஒட்டிய பொட்டலத்தை யார் கையிலும் திணிக்காதீர்கள். கொண்டுபோகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, தன் கையால் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

தொலைந்துபோனால்? கொடுத்தவர் அஞ்சல் ரசீதைப் படமெடுத்து அனுப்பியதோடு அவர் கடமை முடிந்தது என்று விதியில் எழுதிவிடுங்கள். இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்க ஒத்துழைப்பார், அவ்வளவுதான். மாற்றுப் பொருள் தர வேண்டியதில்லை. ஏழு வருடத்தில் எங்களுக்கு அடியோடு தொலைந்தது ஒன்றே ஒன்று.

இப்போது உங்கள் டொரொன்டோ பிரச்சினை. இது பழைய விதியில், அதாவது விதியே இல்லாமல், நடந்த குலுக்கல். அதனால் கொடுத்தவர்மேலும் போடாதீர்கள், ஜெயித்தவர்மேலும் போடாதீர்கள். நடத்தியவர்கள் நீங்கள், இந்த ஒரு தடவை செலவு உங்கள் நிர்வாகிகள் நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்வது. முதலில் கொடுத்தவரை இன்று மாலை தொலைபேசியில் கூப்பிடுங்கள், செய்தி அனுப்பாதீர்கள். "அண்ணே, தபாலை நாங்க பார்த்துக்கறோம், நீங்க பேனாவை மட்டும் கொடுங்க" என்று ஆரம்பியுங்கள். மூன்று வார மௌனம் அந்த வாக்கியத்தில் உடைந்துவிடும். அடுத்து டொரொன்டோக்காரரிடம் மை பாட்டிலை விட்டுவிடச் சம்மதமா என்று கேளுங்கள். பதிலுக்கு அங்கே உள்ள உங்கள் உறுப்பினர் யாராவது அவருக்கு ஒரு பாட்டில் மை கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். கண்ணாடி பாட்டில் போனதும் மிஞ்சுவது ஒரு பேனா, சின்னப் பெட்டி, கால் கிலோவுக்குக் கீழே. அதைத் தலைமை அஞ்சலகத்தில் டிராக்கிங்குடன் அனுப்ப விலை கேளுங்கள், கூரியர் சொன்ன 2,900 பக்கம் வராது. கொடுத்தவர் பெயரிலேயே, அன்பளிப்பு என்று குறியிட்டு, நிஜ மதிப்போடு அனுப்புங்கள். 60 கனடிய டாலருக்குள் இருந்தால் அந்தப் பக்கம் செலவே இல்லை. மேலே போனால் அந்த 9.95 டாலரையும் சொற்ப வரியையும் பற்றி ஜெயித்தவருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். மீதியாகும் மை பாட்டிலை என்ன செய்வது என்று கொடுத்தவரையே கேளுங்கள். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் அப்படித் திரும்பி வந்த பாட்டிலைத் திறந்து, அந்த மையிலேயே ஜெயித்தவருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதி பேனாவோடு வைத்து அனுப்பினார். எடை இருபது கிராம்தான் கூடியது.